வடிவு பல்பொடி

பல் பிடுங்கின இடத்தில் பஞ்சை நன்றாகக் கடித்துக்கொள்ளுங்கள் சார். அரை மணி நேரம் என்று அந்தப் பெண் சொன்னாள் இல்லையா, அரை மணி நேரம் கடித்தே ஆக வேண்டும். பேசக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. நீங்கள் பேச வேண்டாம், நான் பேசுகிறேன். தலையை ஆட்டினால் போதும்.

நோயாளி நான் இல்லை. அதோ, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் முந்தானையால் வலது கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள். என் மனைவி. உற்றுப் பார்க்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது, அது வேறு காரணம். தனித்தனியாக உட்காருவோம் என்று நான்தான் சொன்னேன்.

நீங்கள் மதுரைதானே? மதுரை என்றால் தலையை ஆட்டுங்கள். நல்லது. சங்கரன்கோவில் பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே? நல்லது. அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். யாரிடமாவது சொல்லவில்லை என்றால் எனக்கு மூச்சு முட்டும் போல இருக்கிறது.

வடிவு பல்பொடி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை. அதற்காகத்தான் மதுரைக்கு வந்தோம். இந்தப் பக்கம் எங்கள் சரக்கு வராது. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், திருவேங்கடம், அங்கே எந்தப் பெட்டிக்கடையில் பார்த்தாலும் மஞ்சள் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். பாக்கெட்டில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் இவள்தான். செண்பகவடிவு. பொடிக்கும் அவள் பெயர்தான்.

அப்பா காலத்தில் பாக்கெட்டில் அப்பா படம் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பார். பல்பொடிக்காரர் ஏன் பல்லைக் காட்டவில்லை என்று கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். எனக்குக் கல்யாணமான ஏழாம் நாள் இவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். ராஜபாளையத்துப் பெண். பல் வரிசை அப்படி இருக்கும். "இன்னுங் கொஞ்சம்மா, இன்னுங் கொஞ்சம்" என்று போட்டோக்காரர் ஒரு மணி நேரம் சிரிக்கவைத்தார். அன்றைக்கு வரை எங்கள் பொடி அவள் பல்லில் பட்டதில்லை. பிறந்த வீட்டில் டியூப் பேஸ்ட்தான். ஆனால் அது வேறு விஷயம் சார். அதற்குப் பிறகு பதினான்கு வருஷமாக எங்கள் பொடியில்தானே தேய்க்கிறாள்.

பொடியில் கலப்படம் கிடையாது. உமிக்கரி, கடுக்காய், கருவேலம்பட்டை, கிராம்பு, இந்துப்பு. எல்லாம் இயற்கை. பாக்கெட்டின் பின்பக்கம் எங்கள் போன் நம்பர் இருக்கும். பல்வலி, ஈறு வீக்கம், வாய் நாற்றம், எதற்கும் வீட்டு வைத்தியம் இலவசமாகச் சொல்லப்படும் என்று போட்டிருப்போம். பெண்கள்தான் கூப்பிடுவார்கள். பெண் குரல் கேட்டால்தான் பேசுவார்கள். ஆகவே போன் வடிவிடம் இருக்கும். "வடிவக்கா, ஈறுல ரத்தம் வருதுக்கா" என்பார்கள். இவள் சொல்வாள், வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள், கொய்யா இலையை மெல்லுங்கள், கிராம்பை அடக்கிக்கொள்ளுங்கள். எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. இவளுக்கு மனப்பாடம்.

இந்த வைகாசியில் அவளுக்கே வலி வந்தது.

முதலில் என்னிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். என்னவென்று கேட்டேன்.

"கடைவாய்ப் பல்லுல குத்துதுங்க. காப்பி குடிச்சா மண்டை வரைக்கும் ஏறுது."

நான் பயப்படவில்லை சார். நம்மிடம் இல்லாத மருந்தா. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். அரை மணியில் வலி போயிற்று. பார்த்தாயா என்றேன். சாயங்காலம் திரும்ப வந்தது. திரும்ப வைத்தேன். நான்கு நாள் கழித்து நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு. அப்புறம் பெருங்காயத்தைச் சூடு பண்ணிப் பல்லில் வைத்து அழுத்தினோம். அப்புறம் பூண்டு. பூண்டில் மட்டும் ஒரு தப்பு நடந்துவிட்டது, ஈறு வெந்து தோல் உரிந்துவிட்டது. அது பூண்டின் தப்பு இல்லை. இவள் நான் சொன்னதற்கு மேல் ஐந்து நிமிஷம் வைத்திருந்தாள். எடுக்கச் சொல்ல நான் பக்கத்தில் இல்லை, புளியங்குடிக்குச் சரக்கு போடப் போயிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோமா?"

"எந்த டாக்டர்கிட்ட?"

"நம்ம ஊர்லயே மூணு பேர் இருக்காங்களே."

இருக்கிறார்கள் சார். எனக்குத் தெரியாதா. ஒருவர் பஜாரைப் பார்த்துக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார். உள்ளே யார் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார்கள் என்று எதிர் டீக்கடையில் நின்றால் தெரியும். இன்னொருவரிடம் சீட்டு எழுதுகிற பெண் எங்களிடம் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தவள், சண்டை போட்டுக்கொண்டு போனவள். மூன்றாவது டாக்டர் எங்கள் பாக்கெட்டையே மேஜைமேல் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் "இத மட்டும் போடாதீங்க" என்று காட்டுகிறாராம். பாக்கெட்டில் இருக்கிற முகமே அவர் முன்னால் போய் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், பேசாதீர்கள். பஞ்சு விழுந்துவிடும்.

"ஊர்ல தலை காட்ட முடியாது வடிவு" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். புத்திசாலிதான் அவள்.

ஆனால் அடுத்த வாரம் என்ன செய்தாள் தெரியுமா? நான் உள்ளே பொடி சலித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே போன் பேசுகிறாள். கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு பேசுவதால் குரல் குழறுகிறது. புளியங்குடியில் யாரோ ஒரு அம்மா, ஏழு வயசுப் பையனுக்குப் பல் வலி, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. பிள்ளைய நாளைக்கே பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருங்க. உள்ள ஓட்டை விழுந்திருந்தா பொடி என்னக்கா செய்யும்? கிராம்பு மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். மரத்துப்போனா குணமாயிருச்சின்னு ஆயிருமா?"

சாமியாணை, இதே வார்த்தை. எங்கள் போனில், எங்கள் நம்பரில், எங்கள் பொடி வாங்குகிறவர்களிடம். நான் போய்ப் போனைப் பிடுங்கினேன். வீட்டில் உடம்பு சரியில்லை, அதனால் ஏதோ சொல்லிவிட்டாள், கொய்யா இலை போடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டார்கள். பதினான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் இவளிடம் குரலை உயர்த்தினேன். இவள் அழுவாள், இல்லையென்றால் பதிலுக்குச் சண்டை போடுவாள் என்று பார்த்தேன்.

"அந்தப் பையனுக்கு ஏழு வயசுங்க" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து போனை நானே வைத்துக்கொண்டேன். என் குரலைக் கேட்டதும் பாதிப்பேர் வைத்துவிடுகிறார்கள். "வடிவக்கா இல்லையா?" என்பார்கள். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பேன். ராஜபாளையத்திலிருந்து இவள் அண்ணன் கூப்பிட்டாலும் அதே பதில்தான். அவர் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார். அவருக்கு என்ன, ஸ்பின்னிங் மில்லில் வேலை. அவர் முகம் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள் சார். வீட்டு வைத்தியம் கேட்குமா கேட்காதா என்று உலகம் முழுக்க விவாதம் செய்கிறார்கள். எனக்குக் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது. வலி ஆரம்பித்து எத்தனையோ நாள் கழித்து, ஆனி பிறந்ததும், வெறும் கொய்யா இலைக் கஷாயத்துக்கு மாறினேன். துளிர் இலை, கொஞ்சம் உப்பு, ஒரு நாளைக்கு நான்கு வேளை. நான்காம் நாள் காலையில் எழுந்து வந்து சொல்கிறாள், "வலி இல்லங்க."

"சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்ல. அங்க ஒரு பல்லு இருக்கிற மாதிரியே தெரியல."

"அதுதான் நல்ல பல்லு வடிவு. எனக்கு இருக்கிற பல்லு எனக்குத் தெரியுதா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பார்வை என்று தெரியவில்லை. அன்றைக்கே அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி செல்போனில் வீடியோ எடுத்தேன். "எனக்கும் பல் வலி வந்தது. டாக்டரிடம் போகவில்லை. கொய்யா இலைக் கஷாயத்திலேயே குணமானது" என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். கடைசியில் சிரிக்கச் சொன்னேன், சிரித்தாள். வாட்ஸப்பில் போட்டேன். ஊர் முழுக்கப் போயிற்று சார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி டீச்சரின் கொய்யா மரம் இரண்டே வாரத்தில் மொட்டையாகிவிட்டது. டீச்சர் சண்டைக்கு வந்துவிட்டார். "கோமதிநாயகம், உம்ம பொண்டாட்டி பல்லுக்கு என் மரந்தான் கிடைச்சுதா? ஒரு பிஞ்சு விடல ஓய்." நான் ஒரு டஜன் பாக்கெட் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன். வாங்கிக்கொண்டு, "இது மரத்துக்கு உரமாப் போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வாய் அப்படித்தான்.

வலி இல்லை என்றாளே தவிர, சாப்பாடு இடது பக்கமாகவே மென்றாள். கேட்டால் பழக்கமாகிவிட்டது என்றாள். சரி, பழக்கம்.

ஆனி கடைசியில் தாடை ஓரம் லேசாகத் தடித்தது. கொசு கடித்திருக்கும் என்றேன். இரண்டு நாளில் எலுமிச்சங்காய் அளவு ஆயிற்று. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். தவிட்டைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுத்தேன். ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க வீங்குகிறது சார். உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே வருகிறது என்று நினைத்தேன். காய்ச்சல் வந்தது. வாய் திறக்கவில்லை. இரண்டு விரல் நுழைகிற அளவுதான் திறக்கிறது. கஞ்சியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தாள்.

எந்த நேரத்தில் பாருங்கள். ஆடித் தபசு. உங்களுக்குச் சித்திரைத் திருவிழா மாதிரி எங்களுக்குத் தபசு. வருஷா வருஷம் ரத வீதியில் கடை போடுவோம். கடை என்றால் வெறும் கடை இல்லை. வடிவு முன்னால் நிற்பாள். கையில் பொடியைக் கொட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் விரலால் பல் தேய்த்து, செம்பில் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து, சிரிப்பாள். பாக்கெட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெண்கள் வாங்குவார்கள். குழந்தைகள் "ஏ, பாக்கெட்டு அக்கா" என்று கத்தும். பத்து நாள் நிற்பாள். இந்த வருஷம் கடை பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் கேட்கிறார்கள், வடிவக்கா எங்கே, வடிவக்கா எங்கே. நாளை மறுநாள் தபசுக் காட்சி. அன்றைக்காவது அவள் நிற்கவில்லை என்றால் ஊர் என்ன பேசும்? அதுவும் அந்த வீடியோவுக்குப் பிறகு? வெளியே தலை காட்டவும் வழியில்லை, வீட்டுக்குள் இருக்கவும் வழியில்லை. அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் சார்.

ஆகவே இன்றைக்கு விடியற்காலையில் மதுரைக்கு வருவது என்று முடிவு செய்தேன். முடிவு நான்தான் செய்தேன். நான் எழுந்து வந்தபோது அவள் பையோடு வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், அது உண்மை. "நான் போறேன். வந்தா வாங்க" என்றாள். எங்கே என்றேன். படி இறங்கிவிட்டாள். மதுரைக்கே போவோம், அங்கே எனக்கு ஒரு நல்ல இடம் தெரியும் என்று நான்தான் சொன்னேன். பஸ்ஸில் அவளைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்து, நான் நான்கு சீட் பின்னால் உட்கார்ந்தேன். ராஜபாளையத்தில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். அண்ணன் வீடு ஸ்டாண்டுக்குப் பின்னால்தான். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னால் கேட்பாள்.

இங்கே வந்து சீட்டு எழுதும்போது சரோஜா என்று கொடுத்தேன். ஊர் விருதுநகர் என்றேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். என் அக்கா மகள் வயசுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினாள். பல்லில் பெரிய ஓட்டை, வேர் வரைக்கும் போயிருக்கிறதாம். என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். கொய்யா இலையில் வலி நின்றதையும் சொன்னேன்.

"வலி நின்னது இலையால இல்லைங்க. உள்ள நரம்பு செத்துப்போச்சு. அதனாலதான் வலி இல்ல. அன்னைக்கே வந்திருந்தா வேர் சிகிச்சை செஞ்சு பல்லக் காப்பாத்திருக்கலாம்."

"எப்படியோ வலி போனதா இல்லையா?" என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் வீட்டு வைத்தியம் எல்லாம் பொய்யா என்றேன். "பொய்யின்னு சொல்லல. உப்புத்தண்ணி நல்லது, வாயச் சுத்தமா வச்சிருக்கும். கிராம்பு கொஞ்ச நேரம் வலியக் குறைக்கும். ஆனா விழுந்த ஓட்டைய எந்த இலையும் அடைக்காது. உமிக்கரி பல்லத் தேய்ச்சே எடுத்துரும்" என்றாள். பார்த்தீர்களா, உப்புத்தண்ணீர் நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டாள். நானும் அதைத்தானே சொல்கிறேன்.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறதாம். இன்னும் இறங்கினால் மூச்சு விடுவதே கஷ்டமாகுமாம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, கீறிச் சீழை எடுத்து, மூன்று நாலு நாள் ஊசி போட வேண்டுமாம். இன்றைக்கே. நான் சொன்னேன், மாத்திரை எழுதிக் கொடுங்கள், நாளை மறுநாள் ஒரு விசேஷம் இருக்கிறது, வீக்கம் மட்டும் வற்றினால் போதும், முடிந்ததும் நானே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று. கடைவாய்ப் பல்தானே, வெளியே தெரியாது. டாக்டர் என்னை விட்டுவிட்டு இவளிடம் திரும்பிக் கேட்டாள், "நீங்க என்ன சொல்றீங்க?" நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். "அவங்கள கேட்டேன் சார்" என்றாள். பத்து நிமிஷம் யோசித்துச் சொல்லட்டும் என்று இங்கே உட்காரவைத்திருக்கிறாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் ஊருக்குப் போய்விடலாம். அவளிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டவில்லை, ஆனால் வாய் வலிக்கிறவள் எதற்கு ஆட்டுவாள்.

அதோ, சீட்டு எழுதுகிற பெண் கூப்பிடுகிறாள். சரோஜா, சரோஜா யாரு என்கிறாள். எழுந்திருக்கவில்லை பாருங்கள். அசையவே இல்லை. அடியே, உன்னைத்தான். சரோஜா.

எழுந்துவிட்டாள். மாத்திரைச் சீட்டு வாங்கத்தான். முந்தானையை ஏன் கன்னத்திலிருந்து எடுக்கிறாள்? எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் எதற்குப் பேனாவை வாங்குகிறாள்? இருங்கள் சார், இதோ வருகிறேன்.

உட்காருங்கள், உட்காருங்கள். உங்களுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது.

சீட்டில் சரோஜாவை அடித்துவிட்டாள் சார். செண்பகவடிவு என்று எழுதியிருக்கிறாள், முழுப் பெயர். சங்கரன்கோவில். போன் நம்பர் என்ற இடத்தில் அண்ணன் நம்பர். "அட்மிஷன்தானேம்மா?" என்று அந்தப் பெண் கேட்கிறாள், இவள் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறாள். ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆட்டோ போதும் என்று கையைக் காட்டுகிறாள். நான் பக்கத்தில் போய், மெதுவாகத்தான், யாருக்கும் கேட்காத மாதிரிதான் சொன்னேன், "நாளன்னைக்குத் தபசுடி. கடையில யாரு நிக்கிறது?"

வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. அதற்குள்ளிருந்து சொன்னாள்.

"நீங்க நில்லுங்க. நின்னு சிரிங்க."

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள். கேட்டீர்களா? கட்டின புருஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

நான் எப்படி சார் சிரிப்பது? கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், யாரும் பார்க்கவில்லை. இங்கே பாருங்கள். மேல்வரிசை முழுக்கக் கட்டினது. ஒன்பது வருஷம் ஆகிறது. இதே இடம்தான், அப்போது கீழ்மாடியில் இருந்தது, இந்தப் பெண்ணுக்கு முன்னால் வேறு டாக்டர். ஒவ்வொன்றாகச் சொத்தையாகி, வலி தாங்க முடியவில்லை. ஊர் ஊராகச் சரக்கு போடப் போகிறவன் வலியோடு எப்படி அலைவது? ஆறு தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் கடுக்காய் எடுக்க மதுரைக்குப் போயிருக்கிறார் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வடிவுதான் சொல்லிச் சமாளித்தாள். இன்றைக்கு வரை ஒரு ஆளிடம் வாயைத் திறந்ததில்லை. அப்படிப்பட்டவள் சார் அவள். அவளா இப்படிப் பேசினாள்?

கூடவே போகலாம்தான். போவேன். ஆனால் இரண்டு மாதமாக இந்த மேல்வரிசை ஆடிக்கொண்டிருக்கிறது. வந்ததுதான் வந்தோம், அதையும் இறுக்கிக்கொண்டு போகலாம் என்று எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருந்தால் காதில் விழாமல் போய்விடும். மாரியப்பன் என்று கூப்பிட்டால் சொல்லுங்கள். அது நான்தான்.